ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்: மெட்ரிக் சர்வர் முகவரியை மாற்றினால் சேமிக்க மறுக்கிறது, பாதுகாப்பாக மாற்றுவது எப்படி?

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றியிருக்கிற ஹட்டிகளின் (மலைக் கிராமங்களின்) சிறு விவசாயிகள் தரும் பச்சை இலையை வாங்கித்தான் ஃபேக்டரி ஓடுகிறது. யார் என்றைக்கு எத்தனை கிலோ போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், மாதக் கடைசியில் அவருக்குச் சேர வேண்டிய இலைப் பணம் எவ்வளவு என்ற கணக்கெல்லாம் ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறது. அது இரவு 11 மணிக்கு பேக்கப் சர்வருக்குப் போய்ச் சேரும். இதில் ஏதாவது ஆகிவிட்டால் விவசாயிகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பெட்டியில் எதைத் தொடுவதானாலும் கேட்டுவிட்டுத் தொடுகிறேன்.

பேக்கப் சர்வரின் மெட்ரிக்ஸ், அதாவது அதன் நிலையைச் சொல்லும் அளவீட்டு எண்கள், இதுவரை அதே அறையில் இருக்கும் ஒரு பழைய மெஷினில் ஓடும் இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. டேட்டாஸ்டோர் (பேக்கப்புகள் சேரும் இடம்) எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை கிராஃபானா வரைபடத்தில் பார்ப்பது அதை வைத்துத்தான். அந்த மெஷினின் டிஸ்க் இப்போது பிழை காட்ட ஆரம்பித்துவிட்டது. கோயம்புத்தூர் அலுவலகத்தில் புதிய இன்ஃப்ளக்ஸ்டிபி 2 போட்டுவிட்டோம், நடுவில் வயர்கார்டு டனல் (இரண்டு இடங்களையும் இணைக்கும் விபிஎன்). இனி மாற்ற வேண்டியது மூன்று விஷயம்: முகவரி, டோக்கன் (இன்ஃப்ளக்ஸ் கேட்கும் ரகசியச் சாவி), அப்புறம் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ். சான்றிதழ் நாங்களே உருவாக்கியது.

கான்ஃபிகரேஷன் பக்கத்தில் மெட்ரிக் சர்வர் டேபுக்குப் போய், எடிட் கொடுத்து, முகவரியை மாற்றி ஓகே அழுத்தினால், கான்ஃபிகரேஷன் கோப்பு மாறியிருக்கிறது, வேறு யாரோ மாற்றியிருக்கலாம், மறுபடி முயலவும் என்ற பொருளில் ஒரு சிவப்புச் செய்தி வருகிறது. மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, டோக்கனைத் தேடி எடுத்து ஒட்டி, ஓகே கொடுப்பதற்குள் மறுபடியும் அதே செய்தி. அந்த நேரத்தில் நான் ஒருவன்தான் உள்ளே இருந்தேன். இந்தச் செய்தியைத் தாண்டிப் போக வழி இருக்கிறதா? தாண்டினால் பேக்கப்புக்கு ஏதாவது ஆகுமா? மாற்றிய பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா?

மலைப்பாதை_நெட்:

நண்பரே, சுலபமான வழி இருக்கிறது. எஸ்எஸ்எச்சில் ரூட்டாக உள்ளே போய், எட்சியில் ப்ராக்ஸ்மாக்ஸ்-பேக்கப் ஃபோல்டருக்குள் இருக்கும் மெட்ரிக்சர்வர் கான்ஃபிக் கோப்பை எடிட்டரில் திறந்து, வரிகளை மாற்றிச் சேமித்துவிட்டு, ப்ராக்ஸி சர்வீஸை ரீஸ்டார்ட் கொடுங்கள். முடிந்தது.

குன்னூர்_சர்வர்_அறை:

கொழுந்துக்கணக்கு தம்பி, தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம். மேலே எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் உங்கள் நிலைமைக்கு அது ஆபத்து. நான் குன்னூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நோயாளிகளின் ஸ்கேன் படங்களுக்கு இதே பேக்கப் சர்வர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்தி. அது தடை இல்லை, உங்களுக்குக் காவல். நீங்கள் எடிட் அழுத்திய நொடியில் சர்வர் அந்த அமைப்போடு சேர்த்து டைஜஸ்ட் என்ற ஒன்றையும் உங்கள் பிரவுசருக்குத் தருகிறது. கான்ஃபிகரேஷன் கோப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிட்ட ஷா-256 மதிப்பு அது, கோப்பின் கைரேகை மாதிரி, 64 எழுத்து நீளம். ஓகே அழுத்தும்போது பிரவுசர் அதைத் திருப்பி அனுப்பும். சர்வர் கோப்பைப் பூட்டிவிட்டு, இப்போது இருக்கும் கோப்பின் டைஜஸ்டும் நீங்கள் அனுப்பியதும் ஒன்றுதானா என்று பார்க்கும். ஒன்றில்லை என்றால் மாற்ற மறுத்துவிடும். ஒரே இலை எடைப் புத்தகத்தில் இரண்டு கிளார்க்குகள் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் கணக்கை மற்றவர் அடித்துவிடுவார் இல்லையா, அது நடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆகவே இந்தச் செய்தி வந்தால், நீங்கள் திறந்ததற்கும் சேமித்ததற்கும் நடுவில் அந்தக் கோப்பு உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம். அடுத்தடுத்து வருகிறது என்றால் ஏதோ ஒன்று அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது. ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்பதில்லை. தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், ஆன்சிபிள் மாதிரி ஒரு கருவி, எதுவாகவும் இருக்கலாம். உள்ளடக்கம் அதேதான் என்றாலும், என்ட்ரிகளின் வரிசை மாறினால் போதும், டைஜஸ்ட் வேறாகிவிடும். அந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நேரம் நகர்ந்திருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அதை நிறுத்தாமல் நீங்கள் எதை மாற்றினாலும் அது பழையபடி திருப்பி எழுதிவிடும்.

கையால் கோப்பைத் திருத்துவதில் என்ன கெடுதல் என்றால், எடிட்டருக்குப் பூட்டும் தெரியாது, டைஜஸ்டும் தெரியாது. ஒரு வரி பிசகினால் கோப்பைப் படிக்கவே முடியாமல் போய், மெட்ரிக்ஸ் முழுக்க நின்றுவிடும். அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம், பேக்கப் என்ற குழு படிக்கலாம், மற்றவர்கள் பார்க்க முடியாது. காரணம் உள்ளே டோக்கன் இருக்கிறது. கையால் நகலெடுத்துத் திருப்பி வைக்கும்போது இந்த அனுமதிகள் மாறிவிட்டால் அது தனித் தலைவலி.

ரீஸ்டார்ட் விஷயம் இன்னும் முக்கியம். ப்ராக்ஸி சர்வீஸுக்குள்தான் பேக்கப், கார்பேஜ் கலெக்‌ஷன், வெரிஃபை (முறையே தேவையற்ற பேக்கப் துண்டுகளை நீக்குவதும், பேக்கப் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும்) எல்லாம் ஓடுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் அறுந்துவிடும். முந்தைய நாள் பேக்கப்புக்கு ஒன்றும் ஆகாதுதான், ஆனால் அன்றைய கணக்கு பேக்கப் ஆகாமலே நிற்கும். மெட்ரிக் சர்வர் மாற்றத்துக்கு ரீஸ்டார்ட் தேவையே இல்லை. பத்து நொடிக்கு ஒரு முறை புள்ளிவிவரம் அனுப்புகிறது, ஒவ்வொரு முறையும் கான்ஃபிகரேஷனைப் புதிதாகப் படித்துத்தான் அனுப்புகிறது. சேமித்தாலே போதும், அடுத்த சுற்றில் புதிய முகவரிக்குப் போய்விடும்.

இனி என் யோசனை. இருக்கிற என்ட்ரியை எடிட் செய்யாதீர்கள். ஒரே பேக்கப் சர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட மெட்ரிக் சர்வர்களை வைத்துக்கொள்ளலாம். ஆட் கொடுத்து, கோயம்புத்தூர் முகவரிக்கு வேறு பெயரில் இரண்டாவது என்ட்ரி போடுங்கள். என்ட்ரியின் பெயரைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் யோசித்து வையுங்கள். கிராஃபானாவில் தெரிவது பேக்கப் சர்வரின் ஹோஸ்ட்நேம்தான், அதனால் டேஷ்போர்டு குழம்பாது. இரண்டு இடத்துக்கும் சேர்ந்தே போகட்டும். பழைய மெஷினின் டிஸ்க் இன்னும் சில நாள் தாங்கும் அல்லவா? அதுவரை உங்கள் கண்ணுக்கு மறைவு ஏற்படாது. இடைவெளியில் போகாமல் விட்ட புள்ளிகளை பேக்கப் சர்வர் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்புவதில்லை, போனது போனதுதான். அதன் சொந்த வரைபடங்கள் அதன் டிஸ்க்கிலேயே தனியாக இருக்கின்றன, அவற்றுக்குச் சேதம் இல்லை.

ஆட் கொடுப்பதற்கு முன் பேக்கப் சர்வரின் ஷெல்லிலிருந்தே கர்ல் கட்டளை வைத்து, இன்ஃப்ளக்ஸ் நலமா என்று சொல்லும் அதன் ஹெல்த் முகவரியைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்த்தால் பயனில்லை, டனல் வழி போவது பேக்கப் சர்வர்தானே. நிலை பாஸ் என்று வர வேண்டும். சான்றிதழ் பிழை வந்தால் உடனே வெரிஃபை டிஎல்எஸ் டிக்கை எடுத்துவிடாதீர்கள். நீங்களே உருவாக்கிய சிஏ (சான்றளிப்பவர்) சான்றிதழை, சிஆர்டி என்று முடியும் பெயரில், யூஎஸ்ஆர் லோக்கல் ஷேரில் உள்ள சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் ஃபோல்டரில் வைத்து அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் கட்டளையை ஓட்டினால் டெபியன் அதை நம்ப ஆரம்பித்துவிடும். முகவரியில் ஐபி எண் போட்டால் சான்றிதழிலும் அந்த ஐபி இருக்க வேண்டும், பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: ஓகே அழுத்தியதும் பிழை வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. எனேபிள் டிக் இருந்தால் சர்வர் போய்ப் பார்ப்பது அந்த ஹெல்த் முகவரியை மட்டும்தான். அதற்கு டோக்கன் தேவையில்லை. தவறான டோக்கன், இல்லாத பக்கெட் (இன்ஃப்ளக்ஸில் தரவு சேரும் பெட்டி) எல்லாம் அங்கே தப்பித்துவிடும். பக்கெட், ஆர்கனைசேஷன் இரண்டையும் காலியாக விட்டால் இரண்டுக்குமே ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொள்ளும். உங்கள் கோயம்புத்தூர் சர்வரில் அந்தப் பெயரில் இல்லை என்றால் ஒரு புள்ளிகூடச் சேராது. சேமித்த ஒரு நிமிடத்தில் ஜர்னல்சிடிஎல்லில் (சிஸ்டம் லாக்கைக் காட்டும் கட்டளை) ப்ராக்ஸ்மாக்ஸ்-பேக்கப்-ப்ராக்ஸி யூனிட்டைப் பாருங்கள். 401 வந்தால் டோக்கன், 404 வந்தால் பக்கெட் அல்லது ஆர்கனைசேஷன். அப்புறம் இன்ஃப்ளக்ஸ் பக்கத்தில் போய், கடைசிப் புள்ளியின் நேரம் இப்போதைய நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். அதைப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

இதைக் காலையில் செய்யுங்கள். இரவு பேக்கப் முடிந்திருக்கும், ஆட்கள் விழித்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி இறங்க ஆரம்பித்தால் கரண்டும் லைனும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கொடைக்கானல்_வலை:

குன்னூர் அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இன்ஃப்ளக்ஸுக்கு யூடிபி வழியாகவும் அனுப்பலாம் என்று அந்த ஆட் மெனுவில் இருக்கும். டனல் வழியாக அதை எடுக்காதீர்கள். யூடிபியில் போய்ச் சேர்ந்ததா என்று பதிலே வராது. இங்கே வத்தலகுண்டு மலைச்சாலையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் பேக்கப் சர்வர் பக்கம் எந்தப் பிழையும் பதிவாகாமலே புள்ளிகள் காணாமல் போய்க்கொண்டிருக்கும். எச்டிடிபி என்றால் குறைந்தபட்சம் லாக்கில் வரும்.

ஏதோ காரணத்தால் யூடிபிதான் வேண்டும் என்றால் எம்டியூ என்ற உச்சப் பொட்டல அளவைக் குறையுங்கள். அதன் இயல்பு மதிப்பு 1500. வயர்கார்டு டனலின் இயல்பு மதிப்பு 1420. பெரிய பொட்டலம் துண்டாகி, ஒரு துண்டு போனாலும் முழுப் பொட்டலமும் வீண். 1300 என்று வைத்தால் நிம்மதி. எச்டிடிபியில் மேக்ஸ் பாடி சைஸ் என்று ஒரு பெட்டி இருக்கும், அதைத் தொட அவசியமே வராது.

கொழுந்துக்கணக்கு:

அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு பேருக்கும்.

கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நகர்ந்துகொண்டே இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் சக ஊழியர் புதிய இன்ஃப்ளக்ஸ் போட்டபோதே, எல்லாச் சர்வர்களிலும் முகவரி ஒன்றுபோல இருக்கட்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி க்ரானில் (நேரப்படி தானாக ஓட்டும் வசதி) போட்டிருக்கிறார். அது ஏபிஐ (புரோகிராம்கள் சர்வருடன் பேசும் வாசல்) வழியாக கமென்ட் பெட்டியில் கடைசியாகச் சரிபார்த்த நேரத்தை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அவரிடம் பேசி அதை நிறுத்தியாயிற்று.

நீங்கள் சொன்னபடியே இரண்டாவது என்ட்ரி போட்டேன். முதலில் சான்றிதழ் பிழை வந்தது. முகவரியில் ஐபி போட்டிருந்தோம், சான்றிதழில் பெயர் மட்டும்தான் இருந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரைச் சேர்த்து முகவரியில் பெயரையே கொடுத்ததும் சரியாகிவிட்டது. பிறகு ஜர்னலில் 404. பக்கெட் பெயரை எங்கள் ஆள் வேறு வைத்திருந்தார். அதையும் கொடுத்ததும் புள்ளிகள் வர ஆரம்பித்தன. டேட்டாஸ்டோரின் பயன்பாடு இரண்டு கிராஃபானாவிலும் ஒரே கோட்டில் ஓடுகிறது. நேற்று இரவு பேக்கப்பும் சரியாக முடிந்தது.

இப்போது இரண்டு சந்தேகம். அந்த ஸ்கிரிப்டை முழுக்கத் தூக்கிவிட வேண்டுமா, திருத்தினால் போதுமா என்று அவர் கேட்கிறார். அப்புறம் பழைய என்ட்ரியை எப்போது அழிக்கலாம்?

குன்னூர்_சர்வர்_அறை:

நல்ல செய்தி தம்பி. நேரத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தீர்களே, அதுதான் பெரிய வேலை.

ஸ்கிரிப்டைத் தூக்க வேண்டாம், பல சர்வர்கள் இருந்தால் அது தேவைதான். ஆனால் திருத்தியே ஆக வேண்டும். ஏபிஐயில் டைஜஸ்ட் கட்டாயமில்லை. கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கும், கொடுக்காவிட்டால் கேள்வி கேட்காமல் எழுதிவிடும். அவருடைய ஸ்கிரிப்ட் கொடுக்கவில்லை. அதனால் உங்கள் பிரவுசர் தடுக்கப்பட்டது, அவருடைய ஸ்கிரிப்ட் தடுக்கப்படவில்லை. நேர்மாறாக நீங்கள் சேமித்து முடித்திருந்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் உங்கள் மாற்றம் சத்தமில்லாமல் போயிருக்கவும் கூடும். அவரிடம் சொல்லுங்கள்: முதலில் அமைப்பை வாசிக்க வேண்டும், வேண்டிய மதிப்பே ஏற்கெனவே இருந்தால் எழுதாமல் விலகிவிட வேண்டும், மாற்ற வேண்டியிருந்தால் வாசித்தபோது கிடைத்த டைஜஸ்டைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். மறுத்தால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும், டைஜஸ்டை எடுத்துவிட்டு அனுப்பக் கூடாது. சரிபார்த்த நேரத்தைக் கமென்ட்டில் எழுதுவதை அடியோடு நிறுத்தட்டும், அதற்கு ஒரு லாக் கோப்பு போதும்.

அவருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அப்டேட்டில் அனுப்பாத புலங்கள் பழையபடி அப்படியே இருக்கும். டோக்கனை ஏபிஐ திருப்பிக் காட்டாது, எடிட் பெட்டியில் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே பழையது இருக்கும், ஆகவே முகவரியை மட்டும் மாற்றும்போது டோக்கனைத் தேடி எடுத்து ஒட்ட அவசியமில்லை. டெலீட் என்ற பட்டியலில் ஒரு புலத்தைப் போட்டால் அது இயல்பு மதிப்புக்குத் திரும்பும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எனேபிளின் இயல்பு மதிப்பு ஆன். ஒரு என்ட்ரியை நிறுத்துவதாக நினைத்து எனேபிளை டெலீட் பட்டியலில் சேர்த்தால் அது நிற்காது, இன்னும் உறுதியாக ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் எனேபிளுக்குப் பொய் (ஃபால்ஸ்) என்ற மதிப்பைத் தர வேண்டும்.

பழைய என்ட்ரியை உடனே அழிக்க வேண்டாம். டிக்கை மட்டும் எடுத்து நிறுத்தி வையுங்கள். புதியதில் ஒரு முழு வாரம் ஓடட்டும், அதற்குள் ஒரு கார்பேஜ் கலெக்‌ஷனும் வெரிஃபையும் முடிந்து, அந்த நேரத்து ஏற்ற இறக்கம் கோயம்புத்தூர் வரைபடத்தில் தெரியட்டும். பிறகு என்ட்ரியை அழித்து, பழைய இன்ஃப்ளக்ஸின் டோக்கனையும் அங்கே ரத்து செய்யுங்கள். அந்த மெஷினைக் கழிவுக்குக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். புதிய டோக்கனுக்கு அந்த ஒரு பக்கெட்டில் எழுதும் உரிமை மட்டும் இருந்தால் போதும். எல்லா உரிமையும் உள்ள டோக்கனைக் கொடுத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கொழுந்துக்கணக்கு:

எல்லா உரிமையும் உள்ளதைத்தான் கொடுத்திருக்கிறார்கள் அண்ணா. இன்றைக்கே எழுதும் உரிமை மட்டும் உள்ள புதிய டோக்கன் வாங்கி மாற்றிவிடுகிறேன். ஒரு கேள்வி பாக்கி. மழையில் டனல் அறுந்து புள்ளிகள் வராமல் போனால் எனக்கு எப்படித் தெரியும்? டேட்டாஸ்டோர் நிரம்பினால் மெசேஜ் வரும்படி வைத்திருக்கிறேன், ஆனால் புள்ளியே வராவிட்டால் அந்த அலர்ட்டும் அடிக்காதே.

குன்னூர்_சர்வர்_அறை:

சரியான கேள்வி. புள்ளி வரவில்லை என்பதற்கே ஒரு தனி அலர்ட் வையுங்கள். இன்ஃப்ளக்ஸ் 2இல் டெட்மேன் செக் என்று இருக்கிறது, குறிப்பிட்ட நேரம் எந்தப் புள்ளியும் வராவிட்டால் அடிக்கும். கிராஃபானாவில் செய்தாலும் சரி, அலர்ட் விதியில் தரவு இல்லாத நிலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அலர்ட் அடிக்கச் சொல்லுங்கள், சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள். பத்து நொடிக்கு ஒன்று வர வேண்டியது, மலை லைனுக்குப் பத்து நிமிட அவகாசம் கொடுத்தால் தேவையில்லாமல் நடுராத்திரியில் எழுப்பாது.

ஆனால் அந்த அலர்ட் கோயம்புத்தூரிலிருந்து வருவது. டேட்டாஸ்டோர் நிரம்புவதை அதை மட்டும் நம்பி விடாதீர்கள். பேக்கப் சர்வரிலேயே நோட்டிஃபிகேஷன் அமைப்பில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து, பேக்கப் சர்வரின் கார்பேஜ் கலெக்‌ஷன், வெரிஃபை முடிவுகள் நேராக உங்களுக்கு வரும்படி வையுங்கள். பேக்கப் தோற்றால் வரும் அஞ்சல் விர்ச்சுவல் மெஷின் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்து வேலை, அதையும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். புதிய டோக்கனைப் போட்டதும் ஜர்னலை ஒரு முறை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

கொழுந்துக்கணக்கு:

டோக்கன் மாற்றியாயிற்று, ஜர்னலில் பிழை இல்லை, கடைசிப் புள்ளி இப்போதைய நேரத்தைக் காட்டுகிறது. டனலை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன், பத்து நிமிடம் கடந்ததும் போனுக்கு மெசேஜ் வந்தது, திரும்ப இணைத்ததும் சரியானது என்ற மெசேஜும் வந்தது. திருத்திய ஸ்கிரிப்டை அவர் நாளை அனுப்புகிறார், முதலில் சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே விடுவோம்.